என்னை யாரும் தள்ளக் கூடாது

ஜனவரி 4

பாப்பா,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். அறுபத்து மூணு வயசுல கல்யாணம் பண்ணிக்கப் போறவ நல்லா இல்லாம எப்படி இருப்பா?

போனை எடுக்க மாட்டேங்குற. மூணு வாரமா அடிச்சு அடிச்சு போனுக்கே தொண்டை கட்டிப்போச்சு. மருமககிட்ட மட்டும் பேசுற. "சொல்றதை லெட்டர்ல எழுதச் சொல்லுன்னு அத்தை சொன்னாங்க மாமா. எழுதும்போது யாரும் சிரிக்க முடியாதாம்"னு அவ வந்து சொல்றா. இதோ எழுதறேன். சிரிச்சுக்கிட்டேதான் எழுதறேன். என்ன பண்ணுவ?

நடந்தது என்ன? "அண்ணா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்"னு நீ சொன்ன. நான் சிரிச்சேன். நீ வச்சுட்ட. ஒரு மனுஷன் சிரிச்சதுக்கு இவ்வளவு தண்டனையா?

சரி, விஷயத்துக்கு வரேன். நான் கல்யாணத்துக்கு வரேன். நீ கூப்பிடலை, தெரியும். டிக்கெட் போட்டாச்சு. பிப்ரவரி பதினெட்டு கிளம்புறேன். நடுவுல ஒரு ஏர்போர்ட்டுல வேற பிளேன் மாறணும். மகன் கூட வரேன்னான், வேண்டாம்னுட்டேன். அவன் வந்தா வழி பூரா "சும்மா இருங்கப்பா, சும்மா இருங்கப்பா"ன்னு மந்திரம் ஓதிக்கிட்டே வருவான்.

ஒரே ஒரு கண்டிஷன். நான் என் வண்டியிலதான் வருவேன். ஜாக்கி நழுவி லாரி என் முதுகுல உக்காந்து பதினோரு வருஷம் ஆச்சு. அன்னையிலேருந்து என் ரெண்டு காலும் வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. கூடவே இருக்கும், ஒரு வேலை செய்யாது. ஆனா ஆஸ்பத்திரியில முதல் வாரம் தள்ளினதோட சரி, அதுக்கப்புறம் ஒருத்தன் என்னைப் பின்னாலேருந்து தள்ளினது கிடையாது. தள்ளுறவன் மூஞ்சி நமக்குத் தெரியாது. அவன் எங்க நிறுத்துறானோ அதுதான் நமக்கு ஊர். முப்பத்தெட்டு வருஷம் லாரிக்கு வயரிங் பாத்து அடுத்தவன் வண்டியெல்லாம் ஓட வச்சவன் நான். என் வண்டியை நானே ஓட்டுவேன். என்னை யாரும் தள்ளக் கூடாது. நீயும்தான்.

மூணு சக்கரம், பேட்டரி, முன்னாடி ஒரு கூடை, லாரி ஹாரன். பாத்தா நீயே ஏறி உக்காந்துக்குவ. அதனால கேக்குறேன், உன் வீட்டு வாசக்கதவு எத்தனை அகலம்? படி இருக்கா? பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? டேப் வச்சு அளந்து எழுது. கண்ணால பாத்து எழுதாதே. சின்னப் பிள்ளையிலேயே ஒரு முழத்தை ரெண்டு முழம்னு சாதிக்கிறவ நீ.

மாப்பிள்ளையைப் பத்தியும் நாலு வார்த்தை எழுது. பஸ் ஓட்டினவராமே. பல்லு எத்தனை மிச்சம்? சொந்தப் பல்லா? பொண்ணு வீட்டுக்காரன் நான், கேக்க வேண்டியது என் கடமை.

உன் அண்ணன்


ஜனவரி 15

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரித்துக்கொண்டு எழுதியது தெரிகிறது. மூன்று இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

நீங்கள் கேட்ட அளவுகள் இவை. ஆஸ்பத்திரி லாண்டரியில் இருபத்தாறு வருஷம் விரிப்பு அளந்த கை, தப்பாது. வாசல் கதவு எழுபத்தாறு சென்டிமீட்டர். வாசலில் இரண்டு படி, ஒவ்வொன்றும் பதினேழு உயரம். குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கழற்றி வெளிப்பக்கமாக மாட்டிவிட்டார். இப்போது படிக்கு மேல் போட மரத்தில் ஒரு சாய்தளம் செய்கிறார். இரண்டு நாளாக வீடு முழுக்க ரம்பச் சத்தம்.

"உங்க அண்ணன் வண்டியோட எத்தனை கிலோ இருப்பார்?" என்று கேட்டார்.

"வண்டி தொண்ணூறு, அண்ணா எழுபது, அவர் வாய் ஒரு நூறு" என்றேன்.

மறுநாள் இருநூற்று அறுபது கிலோ தாங்குகிற பலகையாகப் பார்த்து வாங்கி வந்துவிட்டார். அவர் அப்படித்தான். வேடிக்கையாகச் சொன்னதையும் கூட்டிக்கொள்வார். பல்லை நான் எண்ணவில்லை.

விமானக் கம்பெனிக்கு இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். பேட்டரி என்ன வகை, வண்டி எத்தனை எடை, நீளம், உயரம் எல்லாம் கேட்பார்கள். விமானத்தின் கதவு வரை நீங்களே ஓட்டிப் போகலாமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கப்புறம் சாமான் ஏற்றுபவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அடியில் ஏற்றுவார்கள். அவர்கள் உங்களைத் தள்ளவில்லை, வண்டியைத்தான் தள்ளுகிறார்கள், கோபப்படாதீர்கள். வண்டியை நியூட்ரலில் போடுவது எப்படி என்று ஓர் அட்டையில் படம் வரைந்து ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். எங்கள் லாண்டரியில் துணி மடிக்கும் பெண் சக்கர நாற்காலியில் நான்கு தேசம் போய் வந்தவள். அவள்தான் இதையெல்லாம் சொன்னாள்.

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம்.

முதல் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. "அவன் உன்னை வச்சு வாழ மாட்டான், பத்து வருஷம் தாண்டாது" என்று வீட்டு வாசலில் நின்று சொன்னீர்கள். ஒன்பதாம் வருஷம் அவர் என்னை விட்டுப் போய்விட்டார். ரிஜிஸ்தர் ஆபீசில் என் பக்கத்துச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது எங்களை ஏற்றிக்கொண்டு வந்த வாடகைக் கார் டிரைவர். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தச் சான்றிதழில் அவர் விரலில் இருந்த கிரீஸ் கறை இன்றும் இருக்கிறது.

இங்கேயும் பெண் பக்கம் ஒரு சாட்சி வேண்டும். பிப்ரவரி பதினேழுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். உங்கள் பெயரைக் கொடுக்கலாமா?

இதற்கு மட்டும் வேடிக்கை இல்லாமல் பதில் எழுதுங்கள்.

தங்கை


ஜனவரி 27

பாப்பா,

என் வாய்க்கு நூறு கிலோ ஒதுக்கின மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லு. குறைச்சுட்டாரு, பரவாயில்லை.

நேத்து விமான ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு தானா திறந்துச்சு. உள்ள போனா கவுண்டர் என் தலைக்கு மேல நிக்குது. ஒரு பொண்ணு கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி என்னை எட்டிப் பாத்துச்சு.

"கூட யாரும் வரலியா சார்?"

"பேட்டரி வந்திருக்கு."

"பேட்டரி எந்தக் கம்பெனி சார்?"

"நான்தான்."

"புரியலை சார்."

"நான்தான் கம்பெனி. ஏழு பழைய பேட்டரியைப் பிரிச்சு, நல்ல செல்லா பொறுக்கி, நானே கட்டினது. ஒரு சார்ஜுக்கு நாப்பது கிலோமீட்டர் போகும். உங்க பிளேன் எங்கயாவது நின்னுபோச்சுன்னா சொல்லுங்க, வந்து இழுத்துட்டுப் போறேன்."

அது எழுந்து உள்ள ஓடி மேனேஜரைக் கூட்டிட்டு வந்துச்சு. அவரு குனிஞ்சு வண்டியைப் பாத்தாரு. பாத்துட்டு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டாரு. "பெரியவரே, வீட்டுல கட்டின பேட்டரியை ஏத்தினா நாங்க எல்லாரும் வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"போங்களேன், மணியும் அஞ்சாகுது."

சிரிக்கலை. டை கட்டினவனுக்குச் சிரிப்பு தொண்டையைத் தாண்டாது போல.

கடைசியில நான்தான் தோத்தேன். லேபிள் ஒட்டின பேட்டரி வாங்கி மாட்டியாச்சு. அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. ஹாரனைப் பத்தியும் கேட்டாங்க. அடிச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேக்கலை.

நீ சொன்ன அட்டையையும் கட்டிட்டேன். பின்னாடி இருக்குற சிவப்பு நெம்புகோலைக் கீழ தள்ளினா நியூட்ரல்னு படம் போட்டிருக்கேன். அது வாழைப்பழம் மாதிரி இருக்குன்னு மருமக சொல்றா. ஆனா ஒண்ணு, அதுக்கு முன்னாடி அமுக்க வேண்டிய ஒரு ரகசிய சுவிட்ச் இருக்கு. அதை அமுக்காம நெம்புகோலை எத்தனை தள்ளினாலும் பிரேக் விடாது. அமுக்கினாலும் ஒரு மணி நேரத்துல தானா பூட்டிக்கும். திருடனுக்காக வச்சது. வயரிங்காரன் எவனும் தன் வண்டியில ஒரு ரகசியம் வைக்காம விட மாட்டான். எங்க கடையில பதினாலு பேரு இருந்தோம், ஒருத்தன் சுவிட்ச் எங்க இருக்குன்னு இன்னொருத்தனுக்குத் தெரியாது, பொண்டாட்டிக்கும் தெரியாது. அதனால அதை அட்டையில எழுதலை. எழுதிட்டா அப்புறம் அதுக்குப் பேரு ரகசியமா? நான் பக்கத்துலதானே இருக்கப் போறேன்.

கையெழுத்து கேட்டிருந்த. என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? கோழி சேத்துல நடந்துட்டுப் போன மாதிரி இருக்கும். அஞ்சாங்கிளாஸ்காரன் நான். அந்த ஊரு ஆபீசர் பாத்தா பயந்துருவாரு. மாப்பிள்ளைக்கு ஒரு தங்கச்சி இருக்காங்களாமே, படிச்சவங்களாமே. எல்லாம் வந்து பேசிக்கலாம்.

குளிர் எப்படி? ஸ்வெட்டர் ஒண்ணா ரெண்டா?

அண்ணன்


பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

ஸ்வெட்டர் இரண்டு.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. கோழி இருக்கிறது, சேறு இருக்கிறது, மேனேஜரின் டை இருக்கிறது. பதில் இல்லை.

படிவத்தில் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். அவர் தினமும் அதைத் தாண்டிப் போகிறார், ஒன்றும் கேட்பதில்லை. நேற்று மட்டும், "பேனா வேணுமா?" என்றார்.

அந்தச் சுவிட்சைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் அட்டையில் எழுதுங்கள். விமானத்தில் வண்டி ஓரிடத்தில், நீங்கள் ஓரிடத்தில். பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

சாட்சிக்கு விருப்பம் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். வந்து வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போவதற்கு இத்தனை தூரம் வர வேண்டாம்.

தங்கை


பிப்ரவரி 19

பாப்பா,

விமானக்காரங்க உனக்குப் போன் பண்ணியிருப்பாங்க. நான் நடுவுல இறங்கிட்டேன். பயப்படாதே, பறக்கும்போது இல்லை.

நீ சொன்ன மாதிரிதான் ஆச்சு. சந்தோஷமா?

கிளம்புன இடத்துல ஒரு பிரச்சினையும் இல்லை. பிளேன் கதவு வரைக்கும் ராஜா மாதிரி ஓட்டிக்கிட்டுப் போனேன். நானே சுவிட்சை அமுக்கிக் குடுத்தேன், வண்டியைக் கொண்டுபோனாங்க. இங்க வந்து பிளேன் மாறணும். வண்டி அடியிலேயே ஒரு பிளேன்லேருந்து இன்னொண்ணுக்குப் போயிரும், நீங்க எங்க நாற்காலியில வாங்கன்னாங்க. கத்திப் பாத்தேன், கேக்கலை. என்னைத் தள்ளிக்கிட்டு வந்து ரெண்டாவது பிளேன்ல உக்கார வச்சாச்சு. பெல்ட்டும் போட்டாச்சு. அப்ப தமிழ் தெரிஞ்ச ஒரு விமானப் பொண்ணு ஓடி வருது. "உங்கள் வண்டி நகர மாட்டேன் என்கிறது."

நான் சுவிட்சை அமுக்கி ஒரு மணி நேரம் எப்பவோ தாண்டியிருந்துச்சு. பூட்டிக்கிச்சு.

"என்னைக் கீழ கூட்டிட்டுப் போங்க, ஒரு நிமிஷத்துல சரி பண்றேன்"னேன். பயணிங்க அங்க வரக் கூடாதாம். "எப்படி என்று சொல்லுங்கள், நாங்கள் செய்கிறோம்"னாங்க. அங்கதான் பாப்பா எனக்கு ஒரு வீம்பு வந்துச்சு. முப்பத்தெட்டு வருஷம் ஒருத்தன்கிட்டயும் சொல்லாததை, விமானத்துல முந்நூறு பேரு முன்னாடி சொல்லணுமா? "நான் வந்தாத்தான் திறக்கும்"னுட்டேன். நாலு பேரு சேந்து இழுத்துப் பாத்தாங்களாம், அசையலை. எனக்கு உள்ளுக்குள்ள பெருமை வேற. அப்ப கேப்டனே வந்து அந்தப் பொண்ணு மூலமாக் கேட்டாரு. "வண்டி இல்லாமல் நீங்கள் மட்டும் வருகிறீர்களா, அல்லது இறங்குகிறீர்களா?"

"இறங்குறேன்"னு வாய் சொல்லிடுச்சு. என்னைக் கேக்கவே இல்லை.

ஒல்லியா ஒரு நாற்காலி கொண்டுவந்து, அதுல வச்சு மூணு பெல்ட்டு போட்டுக் கட்டி, வரிசைக்கு நடுவுல பின்பக்கமா இழுத்துட்டுப் போனாங்க. எல்லாரும் பாத்தாங்க. ஒரு குழந்தை டாட்டா காட்டுச்சு. பிளேன் போயிருச்சு.

போனதுக்கப்புறம் சாமான் ஏத்துறவனுக்குச் சொல்லி அனுப்பினேன், சீட்டுக்கு அடியில பஞ்சுக்குள்ள கையை விடுன்னு. ஒத்த விரலால அமுக்கினானாம். வண்டி நாய்க்குட்டி மாதிரி அவன் பின்னாடி போச்சாம்.

இப்ப வண்டி கீழ குடோன்ல இருக்கு. என்னை ஏர்போர்ட்டு நாற்காலியில உக்கார வச்சிருக்காங்க. சக்கரம் சின்னது, கைக்கு எட்டாது, நானா ஒரு அடி நகர முடியாது. ஒருத்தன் ஒரு மூலையில நிறுத்தி "அஞ்சு நிமிஷம்"னு விரலைக் காட்டிட்டுப் போனான். எதுக்க செவுரு. செவுத்துல தீ அணைக்கிற சிலிண்டர். ரெண்டு மணி நேரம் அதுகிட்டதான் பேசிக்கிட்டிருந்தேன். நல்ல ஆளு, எதுத்துப் பேசலை. அப்புறம் கத்தினேன். வந்து ரூமுக்குக் கொண்டுபோனாங்க. ஒரு பிளேனுக்கு இத்தனை பேட்டரி வண்டிதான்னு கணக்காம், இருபத்திரண்டாம் தேதிதான் இடம் இருக்காம்.

இங்க உக்காந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. கதவைப் பாக்குறேன், ஜன்னலைப் பாக்குறேன், மறுபடி கதவைப் பாக்குறேன். அதனால எழுதிடறேன். உங்க ஊருக்குப் போற ஒரு பல் டாக்டரம்மா இதை உன் கையில சேக்குறேன்னு சொல்லியிருக்காங்க. மாப்பிள்ளை பல்லை அவங்ககிட்ட காட்டு.

அன்னைக்குப் போன்ல நான் சிரிச்சது உன்னைப் பாத்து இல்லை. நீ கல்யாணம்னதும் "இதாவது நிக்குமா?"ன்னு நுனி நாக்குல வந்துருச்சு. கேலிக்குத்தான். அதை எப்படி முழுங்குறதுன்னு தெரியாம சிரிச்சுத் தொலைச்சேன்.

என் நாக்கு கரிநாக்கு பாப்பா. பத்து வருஷம் தாண்டாதுன்னேன். தாண்டலை. கடையில ஒருத்தன் புது வண்டி வாங்கினான், "எப்படா இடிக்கப் போற?"ன்னேன். மறு வாரம் இடிச்சான். என் மேல லாரி உக்காந்ததுக்கு முந்தின நாள் கடையில நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் காலை நீட்டி உக்காந்தாத்தான்டா உங்களுக்கெல்லாம் என் அருமை தெரியும்." இதை யார்கிட்டயும் சொன்னதில்லை.

அதனாலதான் பதில் எழுதலை. என் பேரு அந்தக் காகிதத்துல வேண்டாம். நாளைக்கு ஒண்ணுன்னா, நான் இன்னொரு தடவை தாங்க மாட்டேன். தேதி தாண்டிருச்சுன்னாலும் கெஞ்சிக் கேட்டு மாப்பிள்ளை தங்கச்சி பேரைக் குடுத்துரு. நான் பின்வரிசையில வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துக்கறேன்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவர்தான் மாப்பிள்ளை. பல்லை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். தீயணைப்பு சிலிண்டர் வந்ததும் எழுந்துபோய்ப் பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். "எதுக்கு?" என்றேன். "ரெண்டு மணி நேரம் செவுத்தைப் பாத்து உக்கார வச்சிருக்காங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். உங்களைத் தள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தள்ள மாட்டார். பக்கத்தில் உட்காருவார். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்த மனுஷர், பக்கத்தில் உட்கார ரொம்ப ஆசைப்படுவார்.

இப்போது உங்கள் நாக்குக்கு வருகிறேன்.

நான் பால் குடித்தால் மீசை முளைக்கும் என்றீர்கள். முளைக்கவில்லை. பரீட்சையில் தேற மாட்டேன் என்றீர்கள். மூன்று பரீட்சை தேறினேன். வெளிநாடு போனால் ஒரே மாதத்தில் அழுதுகொண்டு திரும்பி வருவேன் என்றீர்கள். அழுதேன், திரும்பி வரவில்லை. நீங்கள் ஒரு நாளைக்கு முந்நூறு வார்த்தை சொல்கிறீர்கள். அதில் இரண்டு பலித்தால் அது நாக்கு இல்லை, கணக்கு.

அவர் போனதற்கு நீங்கள் காரணம் இல்லை. அவருக்கு வேறொரு வீடு இருந்தது. எட்டாம் வருஷமே எனக்குத் தெரியும். துவைக்கப் போட்ட சட்டையில் நான் வாங்காத சோப்பின் வாசனை. துணியில் பிழைத்தவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷம் தெரியாத மாதிரி இருந்தேன். அந்தக் கல்யாணத்தை அவர் முறித்தார், நான் வேடிக்கை பார்த்தேன். அதில் உங்களுக்குப் பங்கு கேட்காதீர்கள்.

ஆறாம் தேதி உங்களுக்குக் கடிதத்தைத் தபாலில் போட்டேன். கோபமாகத்தான் போட்டேன். அப்படியே நேராக ஆபீசுக்குப் போய் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி மாற்ற முடியாது என்கிறார்கள். நான் மாற்றக் கேட்கவும் இல்லை.

நீங்கள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் இருபத்து நாலாம் தேதி கல்யாணம் இல்லை. அவருக்கும் இது தெரியும்.

தங்கை


பிப்ரவரி 24, காலை பத்து இருபது
(ஆபீஸ் வாசல்ல கிடைச்ச படிவத்தோட பின்பக்கம்)

பாப்பா,

நீ மேல இருக்க, நான் கீழ. வாசல்ல இருக்குற காவலாளிகிட்ட இதைக் குடுத்து அனுப்புறேன்.

உன் வீட்டையெல்லாம் அளந்த, இந்த ஆபீசை அளக்கலையே. வாசல்ல சாய்தளம் இருக்கு, அகலக் கதவு இருக்கு, கைப்பிடி வச்ச பாத்ரூம்கூட இருக்கு. கல்யாணம் பண்ற ரூம் மட்டும் மாடியில. லிஃப்டு ரிப்பேராம், கதவுல காகிதம் ஒட்டியிருக்கு. நான் காவலாளிகிட்ட "மூடியைத் திறந்து விடுப்பா, அரை மணியில ஓட்டித் தரேன்"னு ஜாடை காட்டினேன். அவன் லிஃப்டு முன்னாடி வந்து குறுக்க நின்னுக்கிட்டான்.

இருபத்திரண்டு படி. எண்ணிட்டேன். கைப்பிடி வச்ச ஒரு துணி நாற்காலியைக் கொண்டுவந்து விரிச்சிருக்காங்க. அதுல என்னை வச்சு நாலு பேரு தூக்கிட்டு வருவாங்களாம். நாலு பேரு தூக்குறது ஒரு தடவைதான்னு நெனச்சிருந்தேன்.

மாப்பிள்ளை அங்கேருந்து இங்க வரைக்கும் என் பக்கத்துலயே உக்காந்து வந்தாரு. நான் பேசினதுக்கெல்லாம் "உம்" போட்டாரு. மொத்தம் எழுபத்து மூணு "உம்". நல்ல மனுஷன். அவரை நிறுத்தி வைக்காதே. அந்த ரிஜிஸ்தரைக் கீழ கொண்டுவரச் சொல்லு, போடறேன். முடியாதுன்னா மாப்பிள்ளை தங்கச்சி போடட்டும், ஆபீசர்கிட்ட கெஞ்சிப் பாரு. என்னால மூட்டை மாதிரி வர முடியாது.

அண்ணன்


பத்து முப்பத்தஞ்சு

அண்ணா,

ரிஜிஸ்தர் ரூமை விட்டு வெளியே வராதாம். கேட்டுட்டேன். பதினொண்ணரை வரைக்கும் ரூம் நமக்கு. அடுத்த ஜோடி வெளியில நிக்குது.

முதல் கல்யாணத்துக்கு நீ வரலைன்னு முப்பத்தெட்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். போன மாசம் உனக்கே அப்படித்தான் எழுதினேன். பொய். நீ வந்திருந்த. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிர்த்தாப்புல, டயர் கடை வாசல்ல, நீலச் சட்டை போட்டுக்கிட்டு நின்ன. மாடி ஜன்னல்லேருந்து பாத்தேன். அரை மணி நேரம் நின்ன. "ஒரு நிமிஷம் இருங்க, எங்க அண்ணன் வந்துட்டு இருக்கார்"னு ஆபீசர்கிட்ட சொல்லி சொல்லி நிறுத்தி வச்சேன். நீ ரோட்டைத் தாண்டலை. அன்னைக்கு உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம்தான் கார் டிரைவரைக் கூப்பிட்டேன்.

இன்னைக்கு என் பக்கத்துல இருக்குற டிரைவர் மாப்பிள்ளை. அவர் சாட்சி போட முடியாது. வேற யாரையும் கூப்பிடவும் மாட்டேன். பேனா என் கையிலதான் இருக்கு.

மேல வா.


பத்து நாப்பது

பாப்பா,

டயர் கடையில காத்து அடிக்க நின்னேன்னு எழுதலாம்னு பாத்தேன். அன்னைக்கு என்கிட்ட சைக்கிள்கூட இல்லை.

ஆளுங்களை அனுப்பு. மாப்பிள்ளை வேண்டாம், சட்டை கசங்கும். தொடைக்கு அடியில கை குடுத்துத் தூக்கச் சொல்லு, அக்குளைப் பிடிச்சு இழுத்தா கத்துவேன். பின்பக்கமா ஏத்தக் கூடாது, மேல பாத்த மாதிரி ஏத்தணும். முடியலைன்னா இறக்கி வச்சு இளைப்பாறட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா.

நீ ஜன்னல்ல நிக்காதே. படிக்கு மேல வந்து நில்லு. நான் பாத்துக்கிட்டே வரணும்.